கோட்டு மாறிய வழக்கு

சலவைக்கடையின் பின்னறையில், ஜன்னலை ஒட்டிக் கிடந்த தையல் மெஷின் முன்னால் அவள் பதினேழு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். வெளுக்க வரும் துணியில் பட்டன் விழுந்திருந்தாலும், ஜிப் பிடிவாதம் பிடித்தாலும், இடுப்பு பெருத்துவிட்டது என்று யாராவது வெட்கத்தோடு சொன்னாலும் எல்லாம் அவளிடம்தான் வரும். வேலை முடிகிறவரை உதட்டிடையில் நாலு குண்டூசி இருக்கும். அதனால் கடையில் எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. "அக்காகிட்ட பதில் எதிர்பார்க்காதீங்க, வாயைத் திறந்தா ஊசி கொட்டும்" என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவள் அவதூறு பேசிவிட்டாள் என்று ஒரு திங்கட்கிழமை காலை வக்கீல் நோட்டீஸ் வந்தது.

அதற்கு ஒன்றரை மாதம் முன்புதான் அவளுடைய அப்பா இறந்திருந்தார். லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறும் நாளில் போட்டுக்கொள்ள ஒரு கருநீலக் கோட்டு வாங்கினார். அவர் வாழ்க்கையில் வாங்கிய ஒரே கோட்டு அது. கடைசி இரண்டு வருஷம் நோயில் ஆள் பாதியாகிவிட்டார். "நான் கோட்டைப் போடல, கோட்டுதான் என்னைப் போட்டுக்கிட்டு நடக்குது" என்பார். மகள் அதை இரண்டு தடவை பிரித்துச் சின்னதாக்கினாள். விலாவின் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள். பட்டன்களைக் கழற்றி ஒரு விரற்கடை உள்ளே தள்ளி வைத்தாள். காலருக்குக் கீழே பூச்சி அரித்திருந்த ஓட்டையை, அதே நிறத்தில் நூல் தேடி வாங்கி, இழை இழையாக ஓட்டி மூடினாள். முடித்துக் கையில் கொடுத்தபோது அப்பா ஓட்டை இருந்த இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, "எங்கே போச்சு?" என்றார். அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

அவர் போனதும் தம்பியும் அவளும் அந்தக் கோட்டை ஒரு பையில் போட்டு இறுதிச்சேவை நிலையத்தில் கொடுத்தார்கள். குளிப்பாட்டி உடுத்திப் பெட்டியில் வைத்துத் தருவது, வண்டி, எரியூட்டும் கூடத்தில் நேரம் வாங்குவது, எல்லாம் அவர்கள் பொறுப்பு. மறுநாள் காலை பதினொரு மணிக்கு உறவுக்காரர்கள் கடைசியாக முகம் பார்க்கக் கூடினார்கள். பெட்டி திறந்திருந்தது.

எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். அவள் கோட்டைப் பார்த்தாள்.

கருநீலம்தான். ஆனால் தோள்பட்டை வெளுத்திருந்தது. கை, விரல் முட்டிவரை இறங்கியிருந்தது. பட்டன்கள் முதலில் தைத்த இடத்திலேயே இருந்தன, யாரும் அவற்றைத் தொட்டதே இல்லை. அது அப்பாவின் கோட்டு இல்லை. இதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் அடையாளம் காண எவ்வளவு நேரம் ஆகும்?

பக்கத்தில் நின்ற ஊழியனிடம், "இது எங்க கோட்டு இல்லையே" என்றாள்.

"லைட் வெளிச்சத்துல கலர் அப்படித்தாங்க தெரியும்" என்றான் அவன்.

"கலர் இல்ல, கை நீளம்..."

பின்னால் நின்ற சித்தப்பா அவள் தோளைத் தொட்டார். "இந்த நேரத்துல கோட்டா முக்கியம்? நகரும்மா, பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

நகர்ந்தாள். மூடி மூடப்பட்டது. அரைமணி நேரத்தில் பெட்டி உருளைகள்மேல் ஓடி உள்ளே போனது. தம்பி சுவரில் முகத்தைப் புதைத்து அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க மரத்துப்போகும் ஊசி போட்டால் கன்னம் நம்முடையதாகவே இருக்காதே, அப்படி உடம்பு முழுவதும் இருந்தது. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினாள். இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போனாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், டப்பாவை மூடிவிட்டுப் போனை எடுத்தாள். அந்த நிலையத்தின் பக்கத்துக்குப் போய் ஒரே ஒரு ஸ்டார் போட்டாள். "என் அப்பாவின் உடலுக்கு வேறு யாருடைய கோட்டையோ மாட்டி அனுப்பினார்கள். கேட்டதற்கு லைட் வெளிச்சம் என்றார்கள். இவர்களிடம் கொடுக்காதீர்கள்." கோபம்கூட இல்லாமல், உறைமேல் முகவரி எழுதுவதுபோல எழுதினாள். பிறகு ஒரு சிறுமியின் பாவாடைக்கு ஓரம் மடிக்கப் போய்விட்டாள்.

சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் கீழே எழுதியிருந்தார்கள். ஐயோ பாவம் என்றார்கள், சும்மா விடாதீங்க என்றார்கள். "அந்தக் கோட்டை வித்துத் தின்னிருப்பானுங்க" என்று ஒருவர். துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டுவதுபோல அவள் எல்லாவற்றுக்கும் ஒரு லைக் போட்டு வைத்தாள். அந்த ஒன்றுக்கும்தான்.

நோட்டீஸில் அது தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. பொய்யான தகவலைப் பரப்பியது, திருட்டுக் குற்றச்சாட்டை ஆமோதித்தது, தொழிலின் நற்பெயரைக் கெடுத்தது என்று மூன்று. பதினைந்து நாளுக்குள் பதிவை நீக்கி, பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, நஷ்ட ஈடும் தராவிட்டால் வழக்கு.

நோட்டீஸைப் படித்துக் கொதித்தவன் தம்பிதான். "நம்ம அப்பாவையும் மாத்தி உடுத்திட்டு, நம்மளையே மிரட்டறாங்களா? விடக்கூடாதுக்கா. நீ பாத்தா பாத்ததுதான். உன் கண்ணு தப்பாது." அவனே விசாரித்து ஒரு வக்கீலம்மாவைக் கண்டுபிடித்துக் கூட்டிப்போனான்.

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு பேட்டரிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஐம்பது வயதிருக்கும். தீராத ஜலதோஷக்காரர், மேஜைமேல் சட்டப் புத்தகங்களைவிடக் காகிதக் கைக்குட்டைப் பெட்டிகள் அதிகம். பதிவை மூக்கை உறிஞ்சியபடியே மூன்று தடவை படித்தார்.

"இங்க பாருங்கம்மா. 'இவங்ககிட்ட கொடுக்காதீங்க'ங்கறது உங்க அபிப்பிராயம். அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு, யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. 'வேற கோட்டு மாட்டினாங்க'ங்கறது அபிப்பிராயம் இல்ல. அது நடந்துச்சு, இல்ல நடக்கல. ரெண்டுல ஒண்ணு."

"நடந்துச்சு" என்றாள் அவள்.

"நடந்திருந்தா உங்க பக்கம் மலை மாதிரி நிக்கலாம். உண்மையைச் சொன்னதுக்குத் தண்டனை கிடையாது. ஆனா நடந்துச்சுன்னு காட்ட வேண்டியது நீங்க. அவங்க இல்லைன்னு காட்ட வேண்டியதில்ல. கோட்டு எங்கே?"

"எரிஞ்சு போச்சு."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "பெட்டியில இருந்தப்போ போட்டோ யாராவது எடுத்தாங்களா?"

"எங்க வீட்டுல யாரும் எடுக்கல."

"சித்தப்பா சாட்சி சொல்வாரா?"

"அவருக்குப் பார்வை கொஞ்சம் மங்கல்" என்றான் தம்பி.

"சரியாப் போச்சு" என்று வக்கீலம்மா ஒரு கைக்குட்டையை உருவினார். "மத்த கேஸ்ல ஆதாரத்தை ஒளிச்சு வைப்பாங்க, தேடி எடுக்கலாம். உங்க கேஸ்ல தீயில போட்டாச்சு. அப்புறம் அந்த லைக்கை எதுக்கும்மா போட்டீங்க?"

"எல்லாருக்கும் போட்டேன்."

"போட்டீங்க" என்றார் வக்கீலம்மா. அதற்குமேல் திட்டவில்லை. போகும்போது ஒரு வேலை கொடுத்தார். அந்த நிலையத்தின் பக்கத்தில் மற்றவர்கள் எழுதியிருப்பதையெல்லாம் படித்து, இதேபோல யாராவது குறை சொல்லியிருந்தால் குறித்துக்கொண்டு வர வேண்டும்.

மறுநாள் மத்தியானம் கடையில் உட்கார்ந்து படித்தாள். குறை சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு வண்டி தாமதம், ஒருவருக்குப் பூ வாடல். மற்றதெல்லாம் நன்றி, நன்றி, நன்றி. அவளுடைய பதிவுக்கு மூன்று பதிவுகள் கீழே ஒரு ஐந்து ஸ்டார் இருந்தது. போட்டவர் ஒரு பள்ளி வேன் ஓட்டுநர். முகப்புப் படத்தில் மஞ்சள் வேன். "என் தகப்பனாரை ராஜா மாதிரி அனுப்பி வைத்தார்கள். என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்" என்று எழுதி, திறந்த பெட்டியின் படம் ஒன்றையும் போட்டிருந்தார். தேதி, அவள் அப்பாவை அனுப்பிய அதே நாள்.

படத்தை விரலால் விரித்தாள். மெலிந்த, தாடையொட்டிய, யாரோ ஒரு கிழவர். கருநீலக் கோட்டு. பட்டன்களுக்கு வெளிப்பக்கம், ஒரு விரற்கடை தள்ளி, பழைய தையலின் புள்ளிகள் தெரிந்தன. காலருக்குக் கீழே ஓட்டை இருந்த இடம் தெரியவில்லை. தெரியக் கூடாது என்றுதானே ஓட்டினாள். ஆனால் அந்த இடத்தில் வெளிச்சம் கொஞ்சம் வேறு மாதிரி விழுந்தது.

குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டாள். வாசலிலிருந்து முதலாளி, "ஊசியக்கா, அந்த சாம்பல் கலர் பேன்ட் ஆச்சா?" என்றார். ஆச்சு என்று எடுத்துக் கொடுத்தாள்.

படத்தைப் பார்த்ததும் வக்கீலம்மாவுக்கு ஜலதோஷமே விட்டதுபோல முகம் மலர்ந்தது. "இது போதாது, ஆனா இது கதவு. இந்த ஆள் வந்து, 'நான் கொடுத்தது வேற கோட்டு, எங்கப்பா போட்டிருந்தது எங்க கோட்டு இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொன்னா, நோட்டீஸ் அனுப்பினவங்களே வந்து உங்ககிட்ட சமாதானம் பேசுவாங்க. அவங்க வழக்குப் போட்டா கோர்ட்டு மூலமா சம்மன் அனுப்பிடலாம்."

"நான் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரேன்" என்றாள் அவள்.

"சாட்சியைப் போய்ப் பாக்கறது நல்லதில்லம்மா. சொல்லிக் கொடுத்தீங்கன்னு சொல்வாங்க."

"சொல்லிக் கொடுக்க மாட்டேன். என்ன கோட்டு கொடுத்தார்னு மட்டும் கேக்கறேன்."

வக்கீலம்மா யோசித்தார். "கேளுங்க. வேற ஒரு வார்த்தை பேசாதீங்க. உங்களுக்குத்தான் அது கஷ்டம் இல்லையே."

சனிக்கிழமை காலை போனாள். முகப்புப் படத்தில் வேனின் பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் செய்து வழி கேட்டிருந்தாள். தெருவோரம் நிறுத்திய மஞ்சள் வேனை, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு ஒருவர் கழுவிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது, அகலமான முதுகு. அவரும் அப்பாவை அதே நிலையத்தில், அதே நாளில் அனுப்பியவர் என்பதால் ஒரு விஷயம் கேட்டுப்போக வந்ததாகச் சொன்னாள். பொய்யில்லை. அவர் குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு உள்ளே கூட்டிப்போனார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

கூடத்துச் சுவரில் அந்தக் கிழவர் இருந்தார். அப்பாவின் கோட்டு போட்டிருந்தார். கண்கள் திறந்திருந்தன.

அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு வேன்காரர், "நல்லா இருக்கு இல்ல?" என்றார். "அன்னிக்குப் பெட்டியில எடுத்த படம்தான். அப்பா உயிரோட இருந்தப்போ உருப்படியா ஒரு போட்டோகூட எடுத்து வைக்கல. ஸ்டூடியோக்காரர்கிட்ட கொடுத்தேன். கம்ப்யூட்டர்ல கண்ணைத் திறந்து வச்சுக் கொடுத்துட்டார். கண்ணு சரியா அப்பா கண்ணு இல்ல. வேற யாரோடதோ. பரவால்ல, திறந்திருக்கு."

"கோட்டு நல்லா இருக்கு" என்றாள் அவள். அவள் கேட்க வந்தது அதுவல்ல. ஆனால் அதுதான் வாயில் வந்தது.

"அதைக் கேளுங்க!" வேன்காரர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "நான் கொடுத்தது என்ன கோட்டுன்னு நினைக்கறீங்க? காவல்காரர் வேலையில இருந்தப்போ கம்பெனியில கொடுத்தது. தோளெல்லாம் வெளுத்து, கை தொங்கும். வேற இல்ல. வேற ஒண்ணு வாங்கிக் கொடுக்கணும்னு எனக்குத் தோணல. ஏன்னா..." நிறுத்தி, ஈரக் கைகளைத் தொடையில் துடைத்தார். "நாங்க மூணு வருஷமாப் பேசிக்கல. ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு. என்ன சண்டைன்னு கேட்டா இப்ப சொல்லக்கூடத் தெரியாது. ஒரு சைக்கிள் சமாச்சாரம். போன் வந்தப்போ ஆள் போயிட்டார். அந்தக் கோட்டைப் பையில வச்சுக் கொடுக்கறப்போ எனக்கு அவமானமா இருந்துச்சு. கவுண்டர்ல இருந்த பையன் மூஞ்சியைப் பாக்கவே முடியல."

அவள் தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்திருந்தாள்.

"மறுநாள் போய்ப் பாக்கறேன், அப்பா மாப்பிள்ளை மாதிரி படுத்திருக்கார். அதே கோட்டு. ஆனா என்ன பண்ணினாங்களோ ஏது பண்ணினாங்களோ, சாயம் போட்டாங்களா, பிரிச்சுத் தச்சாங்களா, உடம்புக்கு அளவெடுத்த மாதிரி அப்படியே உக்காந்திருக்கு. நான் கேக்கவே இல்லைங்க. கூட ஒரு காசு வாங்கல. யாரோ ஒருத்தர் உக்காந்து எங்கப்பாவுக்காக அந்த வேலையைப் பண்ணியிருக்காங்க. நான் பண்ண வேண்டியதை. அங்கயேதான் எனக்கு அழுகை வந்துச்சு. அதுவரைக்கும் வரல."

"யாரோ பண்ணியிருக்காங்க" என்றாள் அவள்.

"அதான் அஞ்சு ஸ்டார் போட்டேன். பத்து இருந்தா பத்தும் போட்டிருப்பேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அதுக்கு மேல ஒரு பொம்பள எழுதியிருக்காங்க பாத்தீங்களா, கோட்டு மாறிப் போச்சுன்னு? எனக்கு முதல்ல கோபம்தான் வந்துச்சு. அப்புறம் நினைச்சேன், துக்கத்துல மனுஷனுக்கு என்னென்னமோ தோணும். பாவம். நீங்க என்னமோ கேக்க வந்தீங்களே?"

டம்ளரைக் கீழே வைத்தாள். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை தயாராக நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தாள். சுவரைப் பார்த்தாள். இரவல் கண்ணும் இரவல் கோட்டுமாக அந்தக் கிழவர் அவளை நேராகப் பார்த்தார். அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. மகன்மேலும் வரவில்லை. இரக்கம் வந்தது என்றும் சொல்ல முடியாது. ஓரம் மடித்து முடித்த துணியை யாரோ மறுபடி பிரிக்கச் சொன்னால் கை தயங்குமே, அந்தத் தயக்கம்தான்.

"வண்டி சொன்ன நேரத்துக்கு வந்துச்சான்னு கேக்க வந்தேன்" என்றாள்.

"டாண்ணு வந்துச்சு" என்றார் வேன்காரர்.

திங்கட்கிழமை வக்கீலம்மாவிடம், "கேட்டேன், அவருக்கு ஞாபகம் இல்லையாம்" என்றாள். அவள் பொய் சொன்னாள் என்று எழுதிய நோட்டீஸ் மேஜைமேலேயே கிடந்தது.

வக்கீலம்மா அவளை நன்றாகப் பார்த்தார். இருபத்தைந்து வருஷம் மனிதர்கள் சொல்வதைக் கேட்டே பிழைத்தவர். "சம்மன் அனுப்பினா கூண்டுல ஞாபகம் வந்துடும்மா."

"வேணாம்."

"படத்தை மட்டும் காட்டலாம்."

"வேணாம். பேசி முடிச்சுடுங்க."

"நீங்க ஜெயிக்கற கேஸ் இது. தெரிஞ்சுதானே சொல்றீங்க?"

அவள் தலையாட்டினாள். வக்கீலம்மா ஒரு கைக்குட்டையை எடுத்துத் தனக்கென்று நினைத்து, பிறகு பெட்டியையே அவள் பக்கம் நகர்த்தினார். அவளுக்கு அது தேவைப்படவில்லை.

சமாதானப் பேச்சு எதிர்த்தரப்பு வக்கீலின் அலுவலகத்தில் நடந்தது. நீள மேஜை, கண்ணாடிச் சுவர், ஒரு செடி. நிலையத்துக்காரரும் வந்திருந்தார். குள்ளமான, சுத்தமாகச் சவரம் செய்த மனிதர். பக்கத்தில் வந்தால் ஆஸ்பத்திரி வாசனை. நஷ்ட ஈட்டை முதல் பத்து நிமிஷத்திலேயே அவர் விட்டுக்கொடுத்துவிட்டார். மீதி இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தைக்காகப் போனது.

அவர்கள் எழுதிக்கொண்டு வந்திருந்த அறிக்கையில், "நான் பொய்யான தகவலைப் பதிவிட்டேன்" என்று இருந்தது.

"பொய்னு கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள் அவள்.

"'தவறான' என்று போடலாம்" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"தப்பும் இல்ல."

"'ஆதாரமற்ற'?"

வக்கீலம்மா அவளைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள், இல்லை. ஆதாரம் இருந்தது, ஒரு சுவரில் மாட்டியிருந்தது. கடைசியில் வக்கீலம்மாதான் ஒரு வாசகம் சொன்னார்: "என்னால் நிரூபிக்க இயலாத தகவலைப் பதிவிட்டதற்கு வருந்துகிறேன்." அவள் அதை இரண்டு தடவை படித்தாள். இயலாத என்பதும் முழுக்கச் சரியில்லை. ஆனால் போட்டுக்கொள்ளும் அளவுக்கு அது பொருந்தியது. அறிக்கை முப்பது நாள் அவளுடைய பக்கத்தில் இருக்க வேண்டும், பிறகு எடுத்துவிடலாம் என்று முடிவானது.

திருத்திய பிரதியில் அவள் கையெழுத்துப் போட்டாள்; வக்கீல்கள் இருவரும் நகல் எடுக்க வெளியே போனார்கள். அறையில் அவளும் நிலையத்துக்காரரும் மட்டும். அவர் செடியின் ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தார், பிளாஸ்டிக்.

"அன்னிக்கு நான் ஊர்ல இல்லம்மா" என்றார் மெதுவாக. "ஒரே காலையில மூணு பேர். பையன் கோட்டு மாறலைன்னு சத்தியம் பண்ணினான். நம்பித்தான் நோட்டீஸ் அனுப்பினேன். அப்புறம் போன மாசம் அவன் சொல்லாம கொள்ளாம வேலையை விட்டு நின்னுட்டான்."

அவள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

"நீங்க நல்லாப் பாத்தீங்களா? தப்பா நினைக்காதீங்க. எனக்குத் தெரிஞ்சாகணும். நான் வெளிய சொல்ல மாட்டேன்."

"கையெழுத்துப் போட்டாச்சே" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இப்பல்லாம் ஒவ்வொரு துணியிலயும் பேர் எழுதின சீட்டு குத்தறோம். உங்க பதிவுக்கு அப்புறம்தான்."

"குண்டூசியா?"

"ஆமா."

"குத்தாதீங்க. கம்பளித் துணியில ஓட்டை விழும், துரு ஏறும். காஜாவுல நூலை விட்டுக் கட்டுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கை காகிதம் தேடி, கடைசியில் உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டார்.

அறிக்கை போட்ட அன்று சாயங்காலம் தம்பி கடைக்கே வந்துவிட்டான். பின்னறை வாசலில் நின்று, "கையெழுத்துப் போட்டியா?" என்றான்.

"போட்டேன்."

"ஆபீஸ்ல அத்தனை பேர்கிட்டயும் எங்க அக்கா கண்ணு தப்பாதுன்னு சொல்லி வச்சேன். வக்கீலம்மா ஜெயிக்கலாம்னு சொன்னாங்களே! கையில வந்ததை இப்படிக் கோட்டை விட்டுட்டியேக்கா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. வேறு நாளாக இருந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அப்பா இருந்திருந்தால் அவர்தான் முதலில். தம்பியின் வாய் ஒரு பக்கம் கோணியது, அவ்வளவுதான். அவள் மெஷினின் சக்கரத்தில் கையை வைத்தபடி இருந்தாள்.

"அப்போ அன்னிக்கு உனக்கே சரியாத் தெரியலையா?" என்றான்.

"போடா, வேலை இருக்கு."

அவன் போனான். அதன் பிறகு போன் இல்லை, வருகை இல்லை. அறிக்கையின் கீழே ஊர் உலகம் எழுதியது. அன்று சும்மா விடாதீங்க என்றவர்களில் சிலரே, காசு பிடுங்கப் பார்த்தாள் என்றார்கள். செத்த தகப்பனை வைத்து விளம்பரம் தேடியவள் என்றார் ஒருவர். வேன்காரரும் எழுதியிருந்தார்: "பரவாயில்லைம்மா. துக்கத்தில் எல்லாருக்கும் நடப்பதுதான். மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்." அவள் எல்லாவற்றையும் ஒரு தடவை படித்தாள். யாருக்கும் லைக் போடவில்லை. சொல்லப்படுவது தன்னைப் பற்றித்தான் என்று அறிவுக்குத் தெரிந்தது. ஆனால் அது அடுத்த மேஜையில் நடக்கும் பேச்சாகத்தான் காதில் விழுந்தது.

பள்ளி திறக்கும் காலம் வந்தது. சீருடைகள் மூட்டை மூட்டையாக வந்தன. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆறு ஆகும். பிள்ளைகள் வளர்வார்கள் என்று பாவாடைகளுக்கு உள்மடிப்பு தாராளமாக விட்டுத் தைத்தாள். முப்பது நாள் எப்போது போனது என்று கவனிக்கவில்லை.

ஐம்பதாவது நாளோ என்னவோ, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தம்பியின் போன் வந்தது. வாயில் சோறு இருந்தது. மென்று விழுங்கிவிட்டு எடுத்தாள்.

"அந்த அறிக்கை இன்னும் அப்படியே இருக்கே. ஏன் எடுக்கல?"

"மறந்துட்டேன்."

"மறந்துட்டியா! ஊரே உன்னைக் கரிச்சுக் கொட்டுது, மறந்துட்டாளாம்." மூச்சு விட்டான். "உன் பாஸ்வேர்டு என்கிட்ட இருக்கு. நான் எடுத்துடவா?"

"எடு."

அவன் வைத்துவிடவில்லை. பின்னால் அவன் அலுவலகத்தில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. "அக்கா" என்றான், சின்ன வயதில் பயந்தால் கூப்பிடுவானே, அந்தக் குரலில். "நிஜமாச் சொல்லு. அப்பா போட்டுக்கிட்டுப் போனது அப்பா கோட்டுதானே?"

அவள் சாப்பாட்டு டப்பாவின் மூடியைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ கார் கதவைச் சாத்தினார்கள்.

"இல்லடா" என்றாள்.

"அப்புறம் ஏன்க்கா கையெழுத்துப் போட்டே?"

அதைச் சொல்ல வேண்டுமென்றால் வேனில் ஆரம்பிக்க வேண்டும், ஈரக் கையில் ஆரம்பிக்க வேண்டும், ஒரு சைக்கிள் சமாச்சாரத்தைச் சொல்ல வேண்டும். எங்கே ஆரம்பித்தாலும் நடுவில் குரல் உடைந்துவிடும் என்று தோன்றியது. இத்தனை நாளில் அப்படித் தோன்றியது அப்போதுதான்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. சொல்றேன்."

"எத்தனை மணிக்கு?"

"காலையிலயே வந்துடு. சாப்பிடாம வா" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த சோற்றைச் சாப்பிட உட்கார்ந்தாள்.